இழுப்பு வந்த பிறகு மட்டுமா சிகிச்சை?

நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரும் தில்லியின் புகைமூட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் வருகின்றன. அதனால் காற்று மாசு குறித்த கேள்விகள் இரு அவைகளிலும் ஆண்டுதோறும் தவறாமல் எழுகின்றன. 2019 நவம்பரில் மக்களவை இதற்கென்றே தனி விவாதம் நடத்தியது. அடுத்த மாதமே, காற்று மாசால் ஆயுள் குறைகிறது என்று காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என அதே அவையில் கூறி, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் கண்டனத்துக்கு உள்ளானார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, தலைநகர வட்டாரத்தில் 12-ஆம் வகுப்பு வரை நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன.

புகைமூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு ஆண்டு முழுவதும் மருந்தும் வழிகாட்டலும் தேவை. அவை கிடைக்கின்றனவா என்ற கேள்வி மட்டும் இத்தனை பரபரப்புக்கு நடுவிலும் அரிதாகவே கேட்கப்படுகிறது.

உலகளாவிய நோய்ச்சுமை குறித்த 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது. இது உலக நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால், உலகில் ஆஸ்துமாவால் நேரும் இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவில்தான் நிகழ்கின்றன. நோயாளிகளின் பங்கைக் காட்டிலும் இறப்பின் பங்கு மும்மடங்காக இருப்பதற்கு நோயின் கடுமையை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. உரிய சிகிச்சை உரியவரைச் சென்றடையவில்லை என்பதே அதன் பொருள்.

பள்ளிக் குழந்தைகளிடமும் அவர்தம் பெற்றோரிடமும் நாட்டின் பல நகரங்களில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. மூச்சிரைப்பு உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கும், கடும் அறிகுறிகள் உள்ளவர்களிலேயே 70 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா என்று கண்டறியப்படவே இல்லை. நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்தை அன்றாடம் இன்ஹேலர் மூலம் எடுத்துக்கொள்வோர் 2.5 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்த நிலைக்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்று பழி சுமத்துவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. ஆஸ்துமா என்ற சொல்லையே பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. பெண் குழந்தையாக இருந்தால், பின்னாளில் திருமணத்துக்குத் தடையாகுமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. அந்த அச்சத்தை அறிந்த மருத்துவர்கள் பலர் ‘வீசிங்’, ‘ஒவ்வாமை’, ‘சளித் தொல்லை’ என்று வேறு பெயர்களால் நோயைக் குறிப்பிடுகின்றனர். நோயின் பெயரே மறைக்கப்படும்போது அதன் தன்மை மட்டும் எப்படி விளங்கும்?

விளங்க வேண்டிய செய்தி எளிமையானதுதான். இழுப்பு இல்லாத நாள்களிலும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழற்சி நீடிக்கிறது. சால்புட்டமால் போன்ற நிவாரண மருந்து சுருங்கிய குழாயைச் சில மணி நேரத்துக்கு விரிக்கும்; அழற்சியை ஆற்றாது. அதை ஆற்றுவது புடெசோனைடு போன்ற, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. இழுப்பு அடிக்கடி வரும் குழந்தைக்கு, நலமாக இருக்கும் நாளிலும் இதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்டோர் நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுநெறி 2019-இல் திட்டவட்டமாக அறிவித்தது.

நடைமுறையோ நேர்மாறாக உள்ளது. இன்ஹேலர் என்பது கடைசிக் கட்ட மருந்து, ஒருமுறை தொட்டால் பழக்கமாகிவிடும், ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுத்துவிடும் என்ற எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. உண்மையில், இன்ஹேலரில் செல்லும் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கு; மாத்திரையில் செல்வது மில்லிகிராம் கணக்கு. நீண்டகாலப் பயன்பாட்டால் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்று ஆய்வுகள் கூறுவதைப் பெற்றோரிடம் மறைக்க வேண்டியதில்லை. கட்டுக்கடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும்; உயிருக்கே உலை வைக்கவும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்களே முடிவெடுப்பார்கள்.

விளக்கம் கிடைக்காத குடும்பங்கள் வேறு வழி தேடுவதில் வியப்பில்லை. ஹைதராபாதில் ஆண்டுதோறும் ஜூன் மாதம், விரால் மீன் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து உயிருடன் விழுங்கச் செய்யும் நிகழ்ச்சிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. எனினும், மீன் குஞ்சுகளை மாநில மீன்வளத் துறை வழங்குகிறது. காவலுக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் அரசே ஏற்பாடு செய்கிறது. ஒருநாள் நிகழ்ச்சிக்கு இவ்வளவு செய்ய முடிந்த அரசு இயந்திரத்தால், ஆண்டு முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்ஹேலர் இருப்பதை உறுதிசெய்ய முடியாதா?

மத்திய அரசின் திட்டங்களிலும் இதே இடைவெளி தென்படுகிறது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை உள்நோயாளிச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. புறநோயாளியாகப் பெறும் தொடர் மருந்து அதில் அடங்காது. மூச்சுத் திணறலுடன் அனுமதிக்கப்படும் குழந்தைக்குக் காப்பீடு உண்டு. அந்த நிலை வராமல் தடுக்கும் இன்ஹேலருக்கு இல்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் ஆஸ்துமா இடம்பெற்றிருந்தாலும், அதன்கீழ் நடக்கும் பரவலான பரிசோதனை 30 வயதைக் கடந்தோரின் ரத்த அழுத்தம், நீரிழிவு, புற்றுநோய் ஆகியவற்றுக்கானது. 2022-இல் திருத்தப்பட்ட அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் புடெசோனைடு, சால்புட்டமால் இரண்டும் உள்ளன. அது விலைக்கு உச்சவரம்பு விதிக்க உதவுமே தவிர, மருந்து கையிருப்பில் இருப்பதற்கு உத்தரவாதம் அளிக்காது.

அடித்தளம் இல்லாமல் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று 30 வகைக் குறைபாடுகளைப் பரிசோதிக்கின்றன. மூச்சுக்குழாய் சுருங்கும் நோய் அவற்றில் ஒன்று. 2020-இல் அறிவிக்கப்பட்ட பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரு ஆசிரியர்களுக்கு நலப் பயிற்சி அளிக்க வகை செய்கிறது. கண்டறியும் குழுவும் கற்பிக்கும் ஆசிரியரும் இருக்கின்றனர். இடையில் இருக்க வேண்டிய தொடர் சிகிச்சைதான் விடுபட்டிருக்கிறது.

காற்றைத் தூய்மைப்படுத்தினால் போதாதா என்று கேட்கப்படலாம். காற்று மாசு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது என்பதில் ஐயமில்லை. அதற்கு எதிரான போராட்டம் தளரவும் கூடாது. ஆனால், தில்லிப் பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் 1998-இல் பிறப்பித்த உத்தரவு முழுமையாக நிறைவேற 2002 இறுதி வரை ஆயிற்று. அதற்குள் ஒரு குழந்தை நான்கு வகுப்புகளைக் கடந்திருக்கும். மேலும், கொசுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் புகை, படுக்கைத் தூசி, சாதாரணச் சளிக்காய்ச்சல் ஆகியவையும் இழுப்பைத் தூண்டுபவையே.

தூய காற்றுக்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்துகூட 1994 முதல் 2004 வரை ஆஸ்துமாவுக்கென்று பத்தாண்டுத் திட்டம் ஒன்றை நடத்த வேண்டியிருந்தது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அனைவருக்கும் பயிற்சி; தொடக்கத்திலேயே அழற்சியை ஆற்றும் மருந்து; தன் நோயைத் தானே கண்காணிக்க நோயாளிக்குக் கற்பித்தல். இவ்வளவுதான் அத்திட்டத்தின் சாரம். நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருந்த நாள்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. வளமும் மக்கள்தொகையும் வேறு என்றாலும், பாடம் ஒன்றுதான்.

இந்தியாவில் செய்ய வேண்டியவை பெரும் முதலீட்டைக் கோருபவையும் அல்ல. இரு வகை இன்ஹேலர்களும், சிறு குழந்தைகளுக்கு மருந்தைச் சிந்தாமல் சேர்க்கும் ஸ்பேசர் குழலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியில் செய்த ஸ்பேசரும் கடையில் விற்பதற்கு இணையாகப் பயன்படுவதை 1999-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. கருவியைக் குலுக்குவது, மெல்ல மூச்சிழுப்பது, பின்னர் வாய் கொப்பளிப்பது ஆகியவற்றைச் செவிலியர் செய்துகாட்டி, குழந்தையையும் தாயையும் செய்யச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதைத் தாய்மொழியில் எழுதிய ஒரு தாள் வீட்டிலும் பள்ளியிலும் இருக்க வேண்டும். புறநோயாளிக்கான தொடர் மருந்தையும் காப்பீட்டில் சேர்ப்பது குறித்து மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும்.

மே மாத முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். உள்ளிழுக்கும் மருந்துகள் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே 2025-இல் அதன் முழக்கமாக இருந்தது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதைக் காட்டி மத்திய அரசும், நிதியைக் காட்டி மாநில அரசுகளும் ஒதுங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் காற்றின் தரக் குறியீட்டைக் கேட்கும் உறுப்பினர்கள், தங்கள் தொகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எத்தனை இன்ஹேலர்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். அதற்கு எண்ணிக்கையுடன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் அந்த மருந்து குழந்தைகளின் கைக்கு வந்து சேரும்.