தச்சன் என்றால் இளக்காரமா?

சொந்த ஊரான நாசரேத்தில் இயேசு போதித்தபோது கேட்டவர்கள் முதலில் வியந்தார்கள். பிறகு, இவன் நம்மூர்த் தச்சன்தானே என்று இளக்காரமாகப் பேசினார்கள். மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. மத்தேயுவில் 'தச்சனின் மகன்' என்று வருகிறது. மூலத்திலுள்ள 'டெக்டோன்' என்ற கிரேக்கச் சொல் மரவேலையும் கட்டட வேலையும் செய்யும் கைவினைஞரைக் குறிக்கும்.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், இயேசு ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்றும், அவை நீதிக்கும் உழைக்கும் வாழ்வுக்கும் அடையாளங்கள் என்றும் எழுதினார். அதே நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த செல்சுஸ் இந்தத் தொழிலைச் சொல்லியே கேலி செய்தார். பிற்பாடு அவருக்கு மறுப்பு எழுதிய ஓரிஜென், "ஆம், தச்சர்தான், அதில் என்ன குறை?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சபைகள் ஏற்ற நற்செய்திகளில் இயேசுவையே தச்சர் என்று எங்கும் சொல்லவில்லை என்றார். அவர் கையிலிருந்த பிரதியில் 'தச்சனின் மகன்' என்று இருந்திருக்கலாம். சில பழைய பிரதிகளில் அப்படி உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது எனக்கு வருத்தமே.

1850-இல் ஜான் எவரெட் மில்லே என்ற ஓவியர், இயேசுவின் குடும்பத்தை மரச்சுருள் சிதறிய தச்சுப் பட்டறையில் வரைந்து லண்டனில் காட்சிக்கு வைத்தார். சார்லஸ் டிக்கன்ஸ் உள்ளிட்டோர் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். அடையாளம் வேண்டும், பட்டறையின் அழுக்கு வேண்டாம்!

நுகத்தடியைச் சரியாக இழைக்காவிட்டால் மாட்டின் கழுத்து புண்ணாகும். தம் நுகம் எளிது என்று இயேசு சொன்னதைத் தச்சுவேலை தெரிந்தவர் கேட்டால் இந்தப் பொருள் உடனே விளங்கும். உவமைக்குப் பின்னால் தொழிலறிவு இருக்கிறது. ரயில்வேயில் நான் கண்டதும் இதுதான். வரைபடத்தில் கோடு போடுவது எங்கள் வேலை. இடைவெளி இல்லாமல் மரத்தைப் பொருத்துவது தச்சரின் கை. பொருந்தாத இணைப்பை எந்த அதிகாரியின் கையெழுத்தும் சரிசெய்யாது.

1955-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், மே 1-ஆம் தேதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். பீடத்தில் தச்சருக்கு மாலை விழுகிறது. ஆனால் வீட்டுக்குக் கதவு மாட்ட வரும் தச்சரை நாம் உட்காரச் சொல்கிறோமா? பிள்ளை ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததை உறவினரிடம் தயங்காமல் சொல்கிறோமா? எந்தச் சமயத்தவராயினும் இந்தக் கேள்வி நமக்குப் பொதுவானது.

நம் சங்க விழாக்களில் மேடையில் அமர்பவர்கள் அதிகாரிகளும் பிரமுகர்களும். மேடை கட்டியவர் ஓரமாக நின்று பார்க்கிறார். அடுத்த ஆண்டு விழாவில் பரிசு வழங்க ஒரு தச்சரை அழைப்போம். ஐ.டி.ஐ.யில் நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்கும் பரிசு கொடுப்போம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.