நம் வீட்டுச் சுவரில் நம் பினாங்கு



நம்மவர் வீட்டு வரவேற்பறைகளில் அடிக்கடி காணும் படம் ஒன்று உண்டு. பனி மூடிய மலை, அதனடியில் நீல ஏரி, கரையில் ஒரு மரவீடு. எந்த நாடு என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியாது. "அழகாக இருந்தது, வாங்கி மாட்டினோம்" என்பார். அழகுக்கு நான் பகையல்லேன். ஆயினும், கொடிமலையின் அடிவாரத்தில் வாழ்ந்துகொண்டு, பெயரறியா மலையொன்றைச் சுவரில் மாட்டுவானேன்?

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டுக்குச் சாயம் பூசியபின், பழைய பினாங்கின் நிலக்காட்சிப் படங்கள் இரண்டின் நகல்களைச் சட்டமிட்டு மாட்டினேன். வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டிய காட்சிகள் அவை. அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் டேனியல். 1821இல் அவை பத்துப் படங்கள் கொண்ட தொகுப்பாக வெளிவந்தன. ஸ்மித்தின் தைலவண்ண ஓவியங்கள் இன்றும் பினாங்கு மாநில அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன.

இப்படங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றியது 1786இல். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். இடைப்பட்ட 53 ஆண்டுகளின் பினாங்கைக் கண்ணால் காண, கையால் வரைந்த படங்களை விட்டால் நமக்கு வேறு வழியில்லை.

படத்தை மாட்டிய மறுநாள் என் மகள் அதன்முன் நெடுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "அம்மா, இதில் நம்மவர்கள் எங்கே?"

அக்கேள்வி என்னை உலுக்கிவிட்டது. மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, துரைமாரின் மாளிகை இருக்கிறது. நம்மவர்கள்? 1794இலேயே இத்தீவில் சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்ததாக லைட் எழுதியிருக்கிறார். கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் அவர்கள் இங்கு உழைத்தனர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் தீவின் சாலைகளை அமைத்தனர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் தெரு மாரியம்மன் கோயிலும் அக்காலத் தொடர்பின் சாட்சிகளாக இன்றும் நிற்கின்றன. ஓவியரோ மலையுச்சியில் நின்று கீழே பார்த்தார். அவ்வளவு தொலைவிலிருந்து நோக்கினால் உழைப்பவன் முகம் எப்படித் தெரியும்?

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசியபோது நண்பர் ஒருவர், "அப்படியென்றால் வெள்ளைக்காரன் வரைந்த படத்தை நாம் ஏன் மாட்ட வேண்டும் டீச்சர்? கழற்றிவிடுங்கள்" என்றார். அவர் கோபம் நியாயமானதே. ஆனால் முடிவு சரியன்று. படத்தைக் கழற்றிவிட்டால் என் மகளின் கேள்வியும் அதனுடன் போய்விடுமே! பனிமலைப் படத்தைப் பார்த்து எந்தக் குழந்தையாவது அப்படிக் கேட்குமா?

ஆகவே நான் செய்தது இதுதான். ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழில் ஒரு சிறு குறிப்பு எழுதி ஒட்டினேன். வரைந்தவர் யார், எந்த ஆண்டு, எவ்விடம், படத்தில் இல்லாதவர் யார்? நான்கே வரிகள். அருவிப் படத்தின் கீழ், "இது நம் தண்ணீர்மலைப் பகுதி, தைப்பூசத்தன்று நாம் காவடியுடன் செல்லும் இடம்" என்று மகளே எழுதினாள். ஆங்கிலத் தலைப்பில் அந்நியமாக நின்ற அருவி அன்றே எங்கள் வீட்டு அருவியாகிவிட்டது.

பின்னர் அதே படங்களை என் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கும் கொண்டு சென்றேன். "படத்தில் விடுபட்ட ஒருவரை நீங்கள் வரையுங்கள்" என்றேன். ஒருவன் சாலையில் கல் உடைப்பவரை வரைந்தான். ஒரு மாணவி தலையில் கூடை சுமக்கும் பெண்ணை வரைந்தாள். அவற்றையும் வகுப்பறையில் மாட்டியிருக்கிறோம்.

வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். மூல அச்சுப் படங்களைத் தேடி அலைய வேண்டா; பழைய புத்தகங்களைப் பிய்த்து அவ்வாறு விற்பதும் உண்டு. தெளிவான நகல் போதும். வெயில் நேரே படும் சுவரில் மாட்டாதீர்கள், நிறம் மங்கிவிடும். நம் ஊரின் ஈரக்காற்றில், கண்ணாடியைத் தொட்டபடி இருக்கும் தாளில் பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.

2008இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமைத் தகுதி பெற்றது. நம் தெருக்களின் பெருமையை உலகம் ஏற்றுக்கொண்டது. நம் வீட்டுச் சுவர் எப்போது ஏற்றுக்கொள்ளப் போகிறது?

சிந்திப்போம், செயல்படுவோம்!