காட்டுக்குள் ரோடு... தீயை அணைக்கவா, மரத்தை வெட்டவா?

அமெரிக்காவில் சாலையே இல்லாத அரசுக் காடுகளில் புதிதாகச் சாலை போடக் கூடாது, வியாபாரத்துக்காக மரம் வெட்டக் கூடாது. பதவியை விட்டு இறங்கும் கடைசி நாள்களில், 2001 ஜனவரியில் பில் கிளின்டன் அரசு கொண்டுவந்த விதி இது. காப்பாற்றப்பட்ட பரப்பு 5.85 கோடி ஏக்கர். கிட்டத்தட்ட பிரிட்டன் அளவுக்குக் காடு!

இந்த விதியை ரத்து செய்யப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தார், ட்ரம்ப் அரசின் விவசாயத் துறைச் செயலாளர் புரூக் ரோலின்ஸ். (அங்கே தேசியக் காடுகள் விவசாயத் துறையின் கீழ்தான் வருகின்றன.) அவர் சொல்லும் முக்கியக் காரணம், காட்டுத்தீ. உள்ளே போக வழியிருந்தால்தானே தீயைத் தடுக்க முடியும் என்கிறார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், தீ அபாயத்தைக் குறைக்கச் சிறு மரங்களை அகற்ற 2001 விதியிலேயே இடமுண்டு. தீயோ வெள்ளமோ நெருங்கி, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து என்றால் சாலையும் போடலாம். இன்னொரு விஷயம், அமெரிக்காவில் பெரும்பாலான காட்டுத்தீக்குக் காரணம் மின்னல் அல்ல, மனிதர்கள். அணைக்காமல் விட்ட கேம்ப் ஃபயர், வண்டியிலிருந்து தெறித்த பொறி... சாலை போனால் இவையும் கூடவே போகும்.

இருக்கிற சாலைகளின் கதை என்ன? அமெரிக்க வனத்துறையிடம் ஏற்கெனவே சுமார் 6 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது. பூமியை கிட்டத்தட்ட 15 முறை சுற்றி வரலாம். அவற்றைப் பராமரிக்கவே பணம் போதவில்லை. கவனிக்காத மண் சாலை மழையில் கரைந்து ஓடையில் சேறாக இறங்குகிறது. பாலத்துக்கு பதிலாகப் போட்ட குழாய்கள், முட்டையிட ஏறி வரும் சால்மன் மீன்களை மறிக்கின்றன.

சால்மன் என்றதும் அலாஸ்காவின் டோங்காஸைச் சொல்லியாக வேண்டும். நாட்டிலேயே பெரிய தேசியக் காடு. மழைக்காடு என்பதால் தீ இங்கே பெரிய பிரச்னையே இல்லை! 2020-ல் ட்ரம்ப் அரசு இதற்கு விதிவிலக்கு கொடுத்தது, 2023-ல் பைடன் அரசு தடையைத் திருப்பிக் கொண்டுவந்தது. இப்போது மறுபடியும் முதலிலிருந்து. இங்கிருந்த பெரிய மரக்கூழ் ஆலைகள் 90-களிலேயே மூடப்பட்டுவிட்டன. இன்று ஊரைப் பிழைக்க வைப்பது மீன்பிடியும் சுற்றுலாவும்தான். மரம் விற்று வந்த வருமானத்தைவிட, அதற்காக அரசு செலவழித்தது அதிகம். ஆனாலும், தனித்துக் கிடக்கும் ஊர்களுக்கு மின்சாரமும் வழியும் வேண்டும், தடை அதற்குக் குறுக்கே நிற்கிறது என்பது அலாஸ்கா அரசியல்வாதிகளின் வாதம். அங்கேயே தலைமுறைகளாக வாழும் டிலிங்கிட் உள்ளிட்ட பழங்குடி அமைப்புகள் பலவும் தடை நீடிக்க வேண்டும் என்கின்றன.

விதியைக் கொண்டுவரும்போது 600-க்கும் மேற்பட்ட பொதுக்கூட்டங்கள் நடந்தன, 16 லட்சம் கருத்துகள் வந்தன. அதை நீக்கும் திட்டத்துக்கு முதல்கட்டமாக மக்களிடம் கருத்துக் கேட்க ஒதுக்கிய காலம், 2025 ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 19 வரை. வெறும் மூன்று வாரம். ஐடஹோ, கொலராடோ மாநிலங்களுக்குத் தனி விதி இருப்பதால் அவை தப்பின. மீதியுள்ள சுமார் 4.5 கோடி ஏக்கருக்குத்தான் இந்தப் போராட்டம்.