பறவை அபிமானமும் பரம்பரை அபிமானமும்

ஔவைப் பிராட்டியார் மூதுரையில் பறவைகள்மீது பெரும் பழி ஒன்றைச் சுமத்திவிட்டார். குளம் வற்றியதும் பறந்து போகும் நீர்ப்பறவைகளைப் போன்றவர்கள் உறவினரே அல்லராம். அங்கேயே கிடந்து வாடும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போன்றவர்களே உறவினராம். பள்ளிப் பிராயத்தில் இதை நெட்டுருப் பண்ணிய நாம் அனைவரும் அன்று முதல் நாரையையும் கொக்கையும் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்த்து வருகிறோம். பறவைகளின் தரப்பில் வக்காலத்து வாங்க எவரும் முன்வரக் காணோம். இந்த வாரம் அந்தப் பொறுப்பை நாமே ஏற்கிறோம்.

முதலில் மனிதரின் அபிமானத்தைப் பார்ப்போம். அதற்கு வடசென்னையைவிடச் சிறந்த இடம் கிடையாது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த குத்துச்சண்டைக் கையுறையை இராயபுரத்திலும் காசிமேட்டிலும் மூட்டை சுமந்தவர்களும் வலை இழுத்தவர்களும் மாட்டிக்கொண்டு, அந்தக் கலையைத் தங்கள் சொந்தச் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று பெயர்கள் எழுந்தன. பரம்பரை என்றால் இங்கே வாத்தியார் வழி வந்தது என்று பொருள். ஆனால் அபிமானமோ தகப்பனிடமிருந்து மகனுக்கு வீடு வாசலைப்போல் இறங்கி வந்தது. தங்கள் வீரன் தோற்றுவிட்டான் என்பதற்காகப் பரம்பரையை மாற்றிக்கொள்வது இவர்கள் அறியாத வழக்கம். 1980-ஆம் ஆண்டில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் பந்தயம் ஆடினார். உலகமே கொண்டாடிய அவருக்கும் ஒரு குறை இருந்தது. "எந்தப் பரம்பரை?" என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை!

கோதாவில் தொடங்கிய பகை வீதிக்கு வந்ததும் உண்டு. பின்னாளில் பந்தயங்கள் அருகிப்போயின. ஆயினும் 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' என்ற திரைப்படம் வெளிவந்தபோது பழைய பெயர்கள் மறுபடியும் எல்லார் நாவிலும் நின்றன. நீர் வற்றியும் ஆம்பல் அகலவில்லை.

இந்த விந்தை நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் சிகாகோ நகரத்துக் கப்ஸ் அணி 1908-ல் பட்டம் வென்றது. மறுமுறை வென்றது 2016-ல். இடையிலே 108 ஆண்டுகள்! பாட்டனும் தகப்பனும் பேரனும் தோல்வியையே சீதனமாகப் பெற்று, அணியைக் கைவிடாமல் காத்திருந்தார்கள்.

அந்தச் சிகாகோவுக்கு வடக்கேயுள்ள விஸ்கான்ஸின் மாகாணத்து ஏரிகளில் லூன் என்றொரு முக்குளிக்கும் பறவை வாழ்கிறது. குளிர்காலத்தைக் கடலில் கழித்துவிட்டு, வசந்தத்தில் தன் பழைய ஏரியையே தேடி வந்து சேரும். ஆணும் பெண்ணும் ஆயுள் முழுதும் இணைபிரியாதவை என்று ஜனங்கள் நெடுநாள் நம்பியிருந்தனர். ஆராய்ச்சியாளர்கள் பறவைகளின் காலில் வர்ண வளையங்களை மாட்டிக் கவனித்தபோது குட்டு வெளிப்பட்டது. அந்நிய ஆண் ஒன்று வந்து பழையதைச் சண்டையிட்டுத் துரத்திவிட்டால், பெண் பறவை வென்றதோடு அங்கேயே குடித்தனத்தைத் தொடர்கிறது. அதன் பற்றெல்லாம் துணையைவிட ஏரியின்மீதே! ஆண் பறவையோ ஏரியை விட்டுக்கொடுக்க மனமின்றிச் சில சமயம் உயிர் போகும்வரை போராடுகிறது. இராயபுரத்து வாத்தியார்கள் கேள்விப்பட்டால் அதற்கும் ஒரு ஜோடிக் கையுறை அனுப்பி வைப்பார்கள்.

நம் எண்ணூருக்கு லூன் வருவதில்லை, கூழைக்கடா வருகிறது. இதன் சாதிப் பறவைகள் ஆந்திரத்து நேலப்பட்டில், மழைநீர் தேங்கிய ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. குஞ்சுகளுக்கு மீன் தேடப் பழவேற்காட்டு ஏரிவரை பறந்து செல்கின்றன. அந்த ஏரியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே தொடரும் நீர்ப்பரப்பின் தென்கோடிதான் எண்ணூர்க் கழிமுகம். மீன் உள்ளவரை கூழைக்கடா அதை மறப்பதில்லை.

அந்த விசுவாசத்துக்கு நாம் அளித்த சன்மானம் என்ன? அனல் மின் நிலையத்துச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெயும் புறப்பட்டு வந்து, கொசஸ்தலையாற்றின் முகத்துவாரமெங்கும் பரவிற்று. காட்டுக்குப்பத்து மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெண்மையான இறகும் கறுத்தது. எண்ணெய் தோய்ந்த இறகு ஒட்டிக்கொள்ளும். உள்ளே நீர் புகும். உடலின் சூடு குறையும். அலகால் கோதிச் சுத்தம் செய்ய முயன்றால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். பழகிய இடமென்று நம்பி வந்த பறவைக்கு அந்தப் பழக்கமே வினையாக முடிந்தது.

ஆதலால், பறவை குளத்தை விட்டுப் போவது தகுமா என்ற கேள்வி இருக்கட்டும். குளத்தைப் பறவைக்கு ஆகாததாகச் செய்வது தகுமா என்பதே நம் கேள்வி. கழிமுகம் கெட்டால் கூழைக்கடா வேறு நீர்நிலையைத் தேடிக்கொள்ளும். அதன் சிறகு அதற்குத் துணை. முகத்துவாரக் குப்பத்து மீனவருக்கு அத்தகைய சிறகு ஏது? ஔவையார் சொன்ன கொட்டியும் ஆம்பலும் அவர்களே.

வடசென்னையில் வீரத்துக்குப் பஞ்சம் இல்லை. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவரும் மாணவரும் இளைஞரும் வாளியைக் கையிலெடுத்துக் கரையிலே குவிந்த கறுப்புச் சேற்றை அள்ளினார்கள். யார் எந்தப் பரம்பரை என்று அன்று எவரும் கேட்கவில்லை. அந்த அபிமானம் விபத்து நேர்ந்த பிறகு பத்து நாள் பொங்கி அடங்குவதாக இல்லாமல், கழிவு நீரில் கலக்கும் முன்னரே அதிகாரிகளையும் ஆலைக்காரர்களையும் கேள்வி கேட்கும் நித்திய அபிமானமாக வளர வேண்டும். அப்படி வளர்ந்தால் கழிமுகத்தையே தன் கோதாவாகக் கொண்ட புதிய பரம்பரை ஒன்று உண்டாகும். அதில் சேருவதற்கு வாத்தியாரும் வேண்டாம், கையுறையும் வேண்டாம். கூழைக்கடாவுக்கும் அதில் ஓர் அங்கத்தினர் ஸ்தானம் கொடுத்துவிடலாம். அது நிச்சயம் கட்சி மாறாது.