கொலையாளிக்கு மட்டும் பெயர்ப்பலகை

லண்டனின் கிழக்குப் பகுதியில், வைட்சாப்பல் சாலையில் ‘பிளைண்ட் பெக்கர்’ என்றொரு பழைய மதுக்கூடம் இருக்கிறது. 1966 மார்ச் 9 அன்று இரவு, அங்கே குடித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கார்னெல் என்பவனை ரோனி கிரே என்ற தாதா சுட்டுக் கொன்றான். வெளியூர்க்காரர்கள் அந்தக் கடையை இன்றும் தேடி வருவது பெரும்பாலும் இந்தக் கொலைக்காகத்தான். கொலை நடந்த இடத்தில் ஒரு கோப்பை பீரைக் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதே கடை வாசலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1865இல் வில்லியம் பூத் என்ற மதபோதகர் அங்கே நின்று பிரசங்கம் செய்தார். குடிக்கு எதிராக இன்றுவரை பேசிவரும் சால்வேஷன் ஆர்மி அதிலிருந்து வளர்ந்தது. அதற்காக வருகிறவர்கள் குறைவு. அதைவிடக் கவனிக்கவேண்டியவர் கொலையைப் பார்த்த மதுக்கூடப் பணிப்பெண். அடையாள அணிவகுப்பில் பயத்தால் கொலையாளியைக் காட்டிக்கொடுக்காத அவர், 1969 விசாரணையில் துணிந்து சாட்சி சொன்னார். கிரே ஆயுள் தண்டனை பெற அதுவும் ஒரு காரணம். வெளியில் அந்தக் கடையின் அடையாளம் என்னவோ கிரேதான்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். கோட்டைக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் சாராயக்கடை வரலாற்றைப் பார்க்கக் கூடாதா என்ன? அங்கே யாருடைய கதை சொல்லப்படுகிறது என்பதுதான் கேள்வி. வைட்சாப்பலுக்குப் பக்கத்திலேயே, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் உள்ள ‘டென் பெல்ஸ்’ மதுக்கூடம் 1976 முதல் 1988 வரை ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயரில் வியாபாரம் செய்தது. 1888இல் அந்தப் பகுதியில் ஏழைப் பெண்களைக் கழுத்தறுத்துக் கொன்ற, கடைசிவரை பிடிபடாத ஒருவனின் பட்டப்பெயர் அது. பெண்கள் அமைப்பினர் நீண்ட நாள் போராடிய பிறகே பழைய பெயர் திரும்பியது. கடை மூடப்படவில்லை, வரலாறும் மறைக்கப்படவில்லை; கொலையாளிக்குக் கொடுத்த மரியாதை மட்டும் பிடுங்கப்பட்டது. நாம் பின்பற்றத்தக்க வழி இது.

நம் தென்சென்னைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. திருவான்மியூரையும் கிழக்குக் கடற்கரைப் பகுதியையும் ஒட்டிச் சாராயம் கடத்தி, பிறகு விபசாரத் தொழிலில் இறங்கிய கௌரிசங்கர் என்கிற ஆட்டோ சங்கர், ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அப்போது தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை இருந்தது. தொழில் மறைவாக நடந்தால் மாமூலும் மறைவாக நடக்கும். மாமூல் வாங்கிய கை எதையும் பார்க்காது. 1990இல் சென்னை மத்தியச் சிறையிலிருந்து அவன் தப்பினான். அதற்கு உதவியதாகச் சிறைக் காவலர்கள் சிலரே தண்டிக்கப்பட்டார்கள். சிறையில் அவன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். உயர் அதிகாரிகளின் தொடர்பைப் பற்றி அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டதுதான் சிக்கல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை, அவதூறு என்று கருதினால் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம் என்றது. தனிமனித அந்தரங்க உரிமை பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. சாராயக் கும்பல் ஒன்றின் கதை அரசியல் சாசனப் பாடமாக மாறிய இந்த இடத்தை நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம்? சுவரில் புதைத்த பிணம், ஆட்டோ, பட்டப்பெயர் இவைதான் நினைவில் நிற்கின்றன. வெப் தொடரும் வந்தாயிற்று.

‘அந்த இடங்களைச் சுற்றிக் காட்டச் சொல்கிறீர்களா? அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன’ என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. வீடுகளையோ தெருவையோ காட்டவேண்டாம். இறந்தவர்களின் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். லண்டனின் 1888 நமக்கு வசதியான தூரத்தில் இருக்கிறது, நம் 1988 அப்படி இல்லை. காட்டவேண்டியது ஆவணங்களை. 1991இல் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எளிய தமிழில் கிடைத்தால், ஆகஸ்டில் மெட்ராஸ் தினத்தை ஒட்டி நடக்கும் மரபு நடைகள் ஜார்ஜ் டவுனோடு நின்றுவிடாமல் தெற்கேயும் வரலாம்.

இன்னொரு கட்சி, இதையெல்லாம் கிளறாமல் மறந்துவிடுவதே நல்லது என்கிறது. மறந்ததால் என்ன நடந்தது என்று பார்க்க லண்டன் போகவேண்டாம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வருகிற மதுராந்தகம் பகுதியிலும், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர். எங்கோ காட்டுக்குள் நடந்ததல்ல அது, நகரத்துக்குள் நடந்தது. அதன் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று கடுமையாக்கினார்கள். தண்டனையைக் கூட்டுவது எளிது. விற்றவன் யார் என்பதோடு, அவன் விற்பதைத் தெரிந்தும் விட்டது யார் என்று கேட்பது கடினம். 1980களின் திருவான்மியூரிலும் பதில் வராமல் போனது இரண்டாவது கேள்விக்குத்தான்.

அரசின் டாஸ்மாக் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் கையில் வைத்திருப்பதால் கள்ளச்சாராயக் காலம் முடிந்துவிட்டது என்றும் சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. சட்டப்படி கடை இருக்கும் ஊரிலும் விலை குறைந்த விஷம் விற்கிறது. கூலிக்காரர் கையில் குவார்ட்டர் வாங்கக் காசில்லை என்பது அதன் சந்தை. கருணாபுரத்துக்கும் ஒருநாள் யாராவது படம் எடுக்க வருவார்கள். விற்றவனின் பட்டப்பெயர் மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும் நிலை வரக் கூடாது என்றால், மெத்தனால் எந்த வழியாக ஊருக்குள் வந்தது, எந்தப் புகார் எந்த மேசையில் கிடந்தது என்பதையெல்லாம் இப்போதே பொது ஆவணமாக எழுதிவைக்க வேண்டும். வழக்கு சி.பி.ஐ.யிடம் போயிருக்கிறது. விசாரணை முடிந்து அறிக்கை வரும்போது, அது தமிழில் கிடைக்குமா என்று இன்றைக்கே கேட்டுவைக்கலாம்.