மேடானின் கம்போங் மெட்ராசும் நம் பள்ளிகளும்



மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறது மேடான். அந்நகரின் நடுவே உள்ள கம்போங் மெட்ராசுக்கு முன்பு 'கம்போங் கெலிங்' என்று பெயர். அந்தச் சொல் எப்படிச் சுடும் என்பதைச் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் வாழும் உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றினார்கள், நல்லது. பழைய பெயரிலேயே கூப்பிடுகிறவர்கள் இன்னும் உண்டு என்பது வேறு கதை.

1860-களில் தொடங்கிய டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் அங்கே பலர். 1884-இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் சிறப்பாக நடக்கிறது. ஆனால் அரசாங்கத் தமிழ்ப்பள்ளி கிடையாது. இளையோர் பலருக்கு வீட்டிலும் இந்தோனேசிய மொழிதான்.

நமக்குப் பள்ளி இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, சனங்கள் பட்டணம் போன பிறகும் ஹார்வார்ட் போன்ற தோட்டப் பெயர்களைக் கெடா தமிழ்ப்பள்ளிகள் சுமந்து நிற்கின்றன. 150 மாணவருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற முத்திரை விழுகிறது. பிள்ளைகள் பட்டணத்துத் தாமானில், பள்ளி செம்பனைக்கு நடுவில். எண்ணிக்கை எப்படி ஏறும்? பள்ளியை மக்கள் வாழும் இடத்துக்கு மாற்றித் தரச் சொல்வது நம் உரிமை. அதை விடாமல் கேட்போம். அதுவரை, கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை திரட்டத் தெரிந்த ஆலய நிர்வாகங்கள் ஒரு பள்ளி வேன் ஓட்டக்கூடாதா? முதலாம் ஆண்டுப் பதிவுக்கு உங்கள் பிள்ளையின் பெயரை எங்கே கொடுக்கப்போகிறீர்கள்? இன்றிரவே வீட்டில் பேசுங்கள்.