மாற்றுச் சான்றிதழ் மருந்தாகாது



பள்ளி மாணவர்களின் போதைப் பழக்கம் பற்றிய தங்கள் கட்டுரை, கெட்ட சகவாசத்தையும் கைப்பேசியையும் மட்டுமே குற்றம் சாட்டுகிறது. பாதிதான் சரி. பிள்ளைகளை அன்றாடம் அரிக்கும் நெருக்கடியைக் கட்டுரை தொடவே இல்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் உதட்டிடுக்கில் புகையிலைப் பொட்டலத்தோடு பிடிபட்டான். கேட்டதற்கு, "வச்சா பசிக்காது டீச்சர், தூக்கமும் வராது" என்றான். அப்பா குடிநோயாளி. அம்மா வாங்கிய குழுக்கடனுக்கு வாரத் தவணை. முகூர்த்த நாட்களில் இரவெல்லாம் கேட்டரிங் வேலை பார்த்துவிட்டு, காலையில் வகுப்பில் வந்து உட்காருகிறான். அவனிடம் புற்றுநோய்ப் படம் காட்டி என்ன பயன்?

சட்டத்துக்குக் குறைவில்லை. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்க 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, சிறாருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை. பிடிபடுவது என்னவோ பையன்தான். பெட்டிக்கடை மறுநாளும் திறந்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினால், அவன் நாள் முழுக்க அந்தக் கடை வாசலில்தான் நிற்பான்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாக, 24 மணி நேரமும், தமிழிலேயே கிடைக்கிறது. எத்தனை மாணவருக்குத் தெரியும்? அடையாள அட்டையின் பின்புறம் அதை அச்சிடலாம். ஆலோசகர் ஒருவர் வாரம் ஒரு நாளாவது ஒவ்வொரு பள்ளிக்கும் வரட்டும். சொற்பொழிவாற்ற அல்ல, தனியே உட்கார்ந்து கேட்க. பிடிபட்ட பிள்ளையை முதலில் அவரிடம் அனுப்புவதைப் பள்ளிக் கல்வித் துறை கட்டாயமாக்க வேண்டும்.

– ஓர் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்